ரூ.6,000 கோடி சந்தா... படிக்கிறது யாரு? கணக்கெடுப்பது எப்படி?

மார்க்கையன்கோட்டையில் இருந்து அரசுக் கல்லூரிக்கு பஸ் ஏறும் மாணவிக்கும், ஐ.ஐ.டி. மாணவருக்கும் ஒரே ஆய்விதழ். இதுதான் ‘ஒரே நாடு ஒரே சந்தா’. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை ரூ.6,000 கோடி. 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 மின் இதழ்கள்.

சரி, யாராவது படிக்கிறாங்களா?

ஒரு பதிப்பகம் ஒவ்வொரு கிளிக்கையும் எண்ணி, இன்னொன்று டவுன்லோடை மட்டும் எண்ணினால் ஒப்பிடவே முடியாது. இதைச் சரிசெய்ய 2002-ல் தொடங்கியதுதான் ‘கவுண்டர்’ என்ற சர்வதேச அமைப்பு.

விதிகள் என்ன?

* ஒரே கட்டுரையை 30 விநாடிக்குள் இரண்டு முறை கிளிக் செய்தாலும் கணக்கு ஒன்றுதான்.
* ஒரே அமர்வில் வெப் பக்கமாகவும் பி.டி.எஃப். ஆகவும் திறந்தால், ‘தனித்த பயன்பாடு’ ஒன்றே.
* தேடுபொறி ரோபோக்களின் கிளிக் சேராது.

ஏன் முக்கியம்?

சந்தாவை இந்த எண்ணால் வகுத்தால், ஒரு கட்டுரைக்கு எவ்வளவு செலவு எனத் தெரியும். 2027-க்குப் பிறகு பதிப்பகங்களிடம் பேரம் பேச இதுதான் ஆயுதம்.

ஆனால் ஒன்று. சின்ன ஊர் கல்லூரியில் எண்ணிக்கை குறைந்தால், ‘தேவை இல்லை’னு அர்த்தம் இல்லை. இப்படி ஒரு வசதி இருப்பதே அங்கே யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.