விருந்தும் விருதும்

ஒரகடத்தில் தங்கும் விடுதி நடத்தும் நண்பரொருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். விருந்தோம்பல் துறை விருதொன்றுக்குத் தம் விடுதியைப் பரிந்துரைக்கும் கடிதத்தை நான் எழுதித்தர வேண்டுமாம். 'நீங்கள்தான் இலக்கியம் படிக்கிறவராயிற்றே' என்றார். இலக்கியம் படிப்பவன் பெயரடைகளை மொத்த விலைக்கு விற்பவன் என்ற எண்ணம் நம்மூரில் எப்படியோ வேரூன்றிவிட்டது.

முந்தைய ஆண்டு அனுப்பிய கடிதத்தையும் கொண்டுவந்திருந்தார். இரண்டு பக்கங்களில் 'உலகத்தரம்' ஏழு முறை, 'ஈடு இணையற்ற' நான்கு முறை. கொரிய, ஜப்பானியப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் தங்கிச் செல்லும் இடம் அது. ஆனால் கடிதத்தில் ஒரு விருந்தினர் இல்லை, ஓர் இரவு இல்லை, ஒரு குழம்பின் மணம்கூட இல்லை. பெயரை அழித்துவிட்டு இருங்காட்டுக்கோட்டையில் உள்ள வேறெந்த விடுதியின் பெயரை எழுதினாலும் அப்படியே பொருந்தும். பரிந்துரை என்பது சாட்சியம் என்பதை எழுதியவர் மறந்துவிட்டார். எதையும் கண்ணால் காணாதவன் சொல்லும் சாட்சியத்தை எந்த நடுவர் ஏற்பார்?

பேச்சுவாக்கில் நண்பர் ஒன்று சொன்னார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மாற்றுச் சமையற்காரர்கள் வந்துசேர இயலவில்லை. இருந்த இருவரே இரண்டு நாட்கள் வீடு திரும்பாமல் விருந்தினர்களுக்கும் வெளியே வண்டிகளில் சிக்கியிருந்த ஓட்டுநர்களுக்கும் சேர்த்துச் சமைத்தார்கள். இரண்டாம் நாள் மாலை ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துவிட்டது. அதன் பிறகுதான் இருப்பைக் கணக்கிட்டு எழுதிவைக்கும் வழக்கம் வந்ததாம். 'இதை ஏன் எழுதவில்லை?' என்றேன். 'அதெல்லாம் விருதுக்கு ஆகுமா?' என்றார்.

அதுதான் ஆகும். எத்தனை பேர் உண்டனர், என்ன தீர்ந்துபோயிற்று, பின்னர் எது மாறிற்று என்று எழுதினால் நடுவர் நம்புவார். தன் குறையை ஒப்புக்கொள்ளும் கடிதம் பிறவற்றிலும் பொய் சொல்லாது என்ற எண்ணம் படிப்பவருக்கு எழும். மிஷலின் என்ற டயர் நிறுவனம் 1900இல் வெளியிடத் தொடங்கிய கையேட்டுக்கு இன்றுள்ள மதிப்பும், அதன் ஆய்வாளர்கள் தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல், காசு கொடுத்து உண்டுவிட்டு எழுதுவதால் வந்தது. (டயர் ஒரகடத்திலும் செய்கிறோம்; கையேடுதான் இல்லை.)

என் சண்டை இதோடு முடியவில்லை. இந்தத் தொழிற்பட்டையில் விருந்தோம்பல் என்று எதைச் சொல்கிறோம்? தமிழில் ஓட்டலுக்கும் ஹாஸ்டலுக்கும் 'விடுதி' என்ற ஒரே சொல்தான். மொழி பிரிக்காததை விருதுகள் பிரிக்கின்றன. 2021 டிசம்பர் நடுவில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சாகி இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. ஓர் அறையில் முப்பது பேர் வரை தரையில் படுத்ததும், தண்ணீர் வராத கழிப்பறைகள் இருந்ததும், சமையற்கூடத்தில் எலிகள் திரிந்ததும் அப்போதுதான் வெளிவந்தன. அந்த மாத இறுதியில் ஆப்பிள் நிறுவனம் ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

'அவர்கள் விருந்தினர் அல்லர், தொழிலாளர்' என்று மறுப்பார்கள். கொரியப் பொறியாளரின் அறை வாடகையையும் அவருடைய ஆலைதானே செலுத்துகிறது? அவர் மட்டும் எப்படி விருந்தினரானார்? தொல்காப்பியம் செய்யுளியலில் 'விருந்து' என்பதைப் புதுமை என்ற பொருளில்தான் ஆள்கிறது. புதிதாய் வந்தவரே விருந்து. வெளிமாவட்டத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்து ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் இறங்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணைவிடப் புதியவர் இங்கே யார்?

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைச் சிப்காட் திறந்தது. நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் படுக்கை எண்ணிக்கையும் ஒருவகை 'உலகத்தரம்'தான். அதுவே பரிந்துரை ஆகிவிடாது. இரவுப் பணி முடித்து வருபவளுக்கு விடியலில் சுடுசோறு கிடைக்கிறதா? குழாயில் நீர் வருகிறதா? சோறு கெட்டிருந்தால் சாலைக்கு வராமலே அவள் யாரிடம் சொல்லலாம், சொன்னால் எத்தனை நாளில் பதில் வரும்? இவற்றுக்கு விடையெழுதக்கூடிய ஒரு காப்பாளரையோ சமையற்காரியையோ எவரேனும் பரிந்துரைத்தால், அந்தக் கடிதத்தைக் கூலி வாங்காமல் எழுதித்தருவேன்.

நண்பருக்கு ஒரே பக்கம் எழுதிக்கொடுத்தேன். புயலும் சமையற்காரர் இருவரும் தீர்ந்துபோன டீசலும் மட்டும். 'உலகத்தரம் ஓரிடத்திலாவது வரக்கூடாதா?' என்று கேட்டுக்கொண்டே மடித்துவைத்துக்கொண்டார். அறைப் பணியாளர்கள் எங்கே உறங்குகிறார்கள் என்று அவர் எழுதவேண்டிய வரிக்கு மட்டும் கடிதத்தின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். இன்னும் நிரப்பவில்லை என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னார்.