மகாராஜாவின் மாளிகையும் மக்களின் நாற்காலியும்

மகாராஜபுரம் என்று ஊருக்குப் பெயர். முடி தரித்த மகாராஜாவை அங்கே தேடினால் கிடைக்கமாட்டார். கிடைப்பவர்கள் யார்? விடிந்தும் விடியாமலும் வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடப்பவர்கள். வெயில் தாழ்ந்ததும் வேர்வை காய வீடு திரும்புபவர்கள். மேற்கே சதுரகிரி மலை. அமாவாசையும் பௌர்ணமியும் வந்துவிட்டால் தாணிப்பாறைப் பக்கம் மக்கள் வெள்ளம். மூலிகை மணக்கும் மலை என்று அதற்குப் பெயர். அந்த மலைக் காற்றுக்கு இன்றுவரை யாரும் விலைச்சீட்டு ஒட்டவில்லை.

வடக்கே இன்னொரு ஊர் இருக்கிறது, தோழர்களே! அதற்கும் மகாராஜாவின் பெயர்தான். நரேந்திரநகர். இமயத்தின் மடியில், ரிஷிகேசத்துக்கு மேலே, கங்கைப் பள்ளத்தாக்கைக் குனிந்து பார்க்கும் ஊர். டெஹ்ரி கர்வால் சமஸ்தானத்தைக் கட்டி ஆண்ட நரேந்திர ஷா தன் பெயரையே சூட்டித் தலைநகராக்கிக்கொண்ட ஊர். அங்கே, வைசிராய் துரை வந்தால் தங்குவதற்கென்று எழுப்பிய மாளிகையும், சுற்றிலும் சுமார் நூறு ஏக்கர் அரண்மனை நிலமும், 2000-ஆம் ஆண்டு முதல் 'ஆனந்தா' என்னும் நலவாழ்வு விடுதியாகிவிட்டன. பெரிய ஓட்டல் கம்பெனிகளின் பெயர்ப் பலகையைக் கடன் வாங்காமல் தனித்தே நின்று, உலகப் பயண ஏடுகளின் பட்டியல்களில் மீண்டும் மீண்டும் இடம் பிடித்திருக்கிறது. இந்தியாவுக்குப் பெருமை என்கிறார்கள்.

இந்த வகை விடுதிகளுக்கு 'பூட்டிக்' என்று ஒரு பட்டம். கடைப் பூட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள்! அறைகள் குறைவு, அழகு மிகுதி, கவனிப்பு மிகுதி, கட்டணம் அதனினும் மிகுதி — அதுதான் பூட்டிக். ஓர் இரவுக்குப் பல பத்தாயிரம் ரூபாய். ஆகவே நமக்குப் பூட்டியும்தான் இருக்கிறது.

உள்ளே என்ன தருகிறார்கள்? எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். பத்திய உணவு போடுகிறார்கள். மூச்சை இழுத்துவிடச் சொல்லித் தருகிறார்கள். அமைதியாக உட்கார வைக்கிறார்கள். ஆயுர்வேத வைத்தியர் நாடி பார்க்கிறார். சிரிக்காதீர்கள்! எண்ணெய்க் குளியலும், சீயக்காயும், இஞ்சிச் சாறும் நம் பாட்டிமார் கூலி வாங்காமல் செய்த வைத்தியம்தான். அது நல்லதென்று உலகம் ஒப்புக்கொண்டால் நமக்கு மகிழ்ச்சியே. விடுதி நடத்துவோர்மீதும் நமக்கு வழக்கில்லை. மனித உடல் களைத்துப்போகிறது, களைத்த உடலுக்கு ஓய்வு வேண்டும் என்ற உண்மையைப் பளிங்குத் தரைபோட்டு அவர்கள் பறைசாற்றுகிறார்கள். அந்த உண்மையை யாருக்குச் சொல்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

அதற்கு முன், அந்த மண்ணின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும். பயண ஏடுகள் அதைச் சொல்வதில்லை.

30-5-1930. யமுனைக் கரையில் திலாரி என்னும் திடல். காட்டில் ஆடு மேய்க்கவும் விறகெடுக்கவும் தங்களுக்கிருந்த உரிமையைச் சமஸ்தானம் பறிக்கிறதே என்று முறையிட மலைமக்கள் கூடினார்கள். மன்னரின் திவான் சக்ரதர் ஜுயால் படையை அனுப்பினார். குண்டுகள் பாய்ந்தன. குடியானவர்கள் பிணமானார்கள். பிறகு ஸ்ரீதேவ் சுமன் வந்தார். பிரஜா மண்டலத்துத் தொண்டர். குடிகளுக்கு உரிமை கேட்ட குற்றத்துக்காக டெஹ்ரிச் சிறையில் அடைபட்டவர். 84 நாள் உண்ணாநோன்பு. 25-7-1944 அன்று சிறையிலேயே உயிர் பிரிந்தது. உடலைக்கூட உறவினரிடம் தரவில்லை. பிலங்கனா ஆற்றில் வீசினார்கள். அன்றும் அரியணையில் இருந்தவர் அந்த நரேந்திர ஷாதான். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1949-இல்.

விருந்தினர் 'உடல் நச்சு நீங்க' உபவாசம் இருக்கிறார்கள், காசு கொடுத்து. அதே மன்னரின் சிறையில் ஒருவர் உபவாசம் இருந்தார், உயிரைக் கொடுத்து. அவருக்கு எந்த ஏடு நட்சத்திரம் வழங்கியது?

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். இராசபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. அங்கே விசைத்தறிகள் இரவும் பகலும் எதை நெய்கின்றன? பேண்டேஜ் துணி! எங்கோ ஒரு மருத்துவமனையில் எவனோ ஒருவனின் காயத்தைக் கட்டும் துணி, நம்மவர் நின்றுகொண்டே நெய்த துணி. ஊரார் புண்ணுக்குக் கட்டுத்துணி தருகிறவனின் கால்வீக்கத்துக்குக் கட்டுப்போட யார் இருக்கிறார்கள்? இராசபாளையத்து நூற்பாலைகளில் சைடு பார்க்கும் பெண்ணுக்கும் மூச்சுப் பயிற்சி நடக்கிறது. பஞ்சுத் தூசியை இழுத்துத்தான் அந்தப் பயிற்சி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இத்தகைய விடுதிகளில் ஏழு நாள், பதினான்கு நாள், இருபத்தொரு நாள் என்று ஓய்வுத் திட்டங்கள் வகுத்திருக்கிறார்கள். 21 நாள் இருந்தால்தான் உடல் முழுதும் தேறுமாம். நல்லது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை என்று வகுத்தது. அந்த விகிதம் இன்றுவரை மாறவில்லை. ஆகவே, அந்த 21 நாளைச் சேர்க்க நம் தொழிலாளி 420 நாள் உழைக்க வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் 70 வாரம்! இடையில் பிள்ளைக்குக் காய்ச்சலும் மச்சான் வீட்டுக் கலியாணமும் வராமலிருந்தால். இந்த விடுமுறையும் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவனுக்குத்தான். ஒப்பந்தக்காரனிடம் தினக்கூலி வாங்குபவன் நின்றால், அவன் வீட்டு அடுப்பும் நின்றுவிடும்.

ஓய்வு எங்கேயும் தானாக இறங்கி வந்ததில்லை. 1886-இல் சிகாகோ வீதி இரத்தம் கண்டது. சென்னையில் 1923-இல் சிங்காரவேலர் மே நாள் கொடியை ஏற்றினார். 1936-இல் பிரான்சு நாட்டு ஆலைகளில் தொழிலாளர் வேலையை நிறுத்தி உள்ளேயே அமர்ந்துகொண்ட பிறகு, ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்பது சட்டமாயிற்று. அந்தக் கோடையில்தான் பல தொழிலாளர் குடும்பங்கள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தன.

வந்ததும் நிலைப்பதில்லை. 21-4-2023 அன்று நம் சட்டமன்றத்திலேயே நாளுக்கு 12 மணி நேர வேலைக்குக் கதவு திறக்கும் மசோதா நிறைவேறியது. நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு என்று விளக்கம் சொன்னார்கள். உழைத்தவனைக் கேட்டால் தெரியும்: களைப்பு அன்றாடம் வருவது, ஓய்வும் அன்றாடம் வந்தாக வேண்டும். தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே நாளன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். அறிவித்தது சரி, கொண்டுவந்தது தவறு. யார் கொண்டுவந்தாலும் தவறு தவறே.

அதே சட்டமன்றம் 2021-இல் வேறொரு சட்டத்தைத் தந்தது. கடைகளில் வேலை செய்வோர் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம். கேரளம் 2018-இலேயே செய்தது. நினைத்துப் பாருங்கள்! ஒருபுறம், சாய்ந்து படுக்கும் மஞ்சத்தின் மெத்தைக்கு உலகப் பரிசு. மறுபுறம், ஒரு முக்காலியில் உட்கார ஒரு பெண்ணுக்குச் சட்டமன்றத்தின் அனுமதி! சட்டம் வராத காலத்தில், துணிக்கடையில் காலை பத்து மணிக்கு நின்றவள் இரவு ஒன்பது வரை நின்றாள். வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் நின்றாள். நிற்பதுதான் மரியாதை என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது சட்டம் இருக்கிறது. நாற்காலி இருக்கிறதா?

மகாராஜபுரத்துத் தோழர்களும் வத்திராயிருப்புத் தோழர்களும் திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் சாமான் வாங்கப் போகிறவர்கள்தாம். இந்த வாரம் போகும்போது, புடவை விலையைக் கேட்பதற்கு முன் கடைக்குள்ளே ஒருமுறை பார்வையைச் சுழற்றுங்கள். வேலை செய்வோர் எத்தனை பேர், அவர்களுக்கென்று போட்டிருக்கும் இருக்கைகள் எத்தனை, அவற்றில் உட்காருகிறார்களா, அல்லது துணிமூட்டை உட்கார்ந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருக்கை இல்லாத இடத்தில் முதலாளியிடம் பணிவாகச் சட்டத்தைச் சொல்லுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறை அதிகாரிக்கு ஒரு மனு எழுதுங்கள். பணிப்பெண்ணின் பெயரை மட்டும் மனுவில் எழுதிவிடாதீர்கள். அவளுக்கு மறுநாளும் அங்கே வேலை வேண்டும்.