ஒற்றை உருவத்துக்குப் பின்னால்



போன வாரம் நண்பர் ஒருவர் ஓவியர் அனுபம் சூதின் அச்சுப்படங்கள் சிலவற்றை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். 1944இல் ஹோஷியார்பூரில் பிறந்தவர். டெல்லி கலைக் கல்லூரியிலும் லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியிலும் படித்தவர். படங்களில் ஒன்று அக்வாடின்ட் முறையில் செய்தது. இருட்டுக்குள் தனியாக ஓர் உருவம், அவ்வளவுதான். தம்மாம் ரூமில் கட்டிலில் கிடந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணே, நம்ம வெள்ளிக்கிழமை மாதிரியில்ல இருக்கு?" என்றார்.

இப்படிப்பட்ட படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் "மனித இருப்பின் தனிமை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அக்வாடின்ட் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். உலோகத் தகட்டின் மேல் பிசின் தூளைத் தூவிச் சூடு காட்டுவார்கள். துகள்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் இறக்கினால், துகள்களுக்கு இடையே உள்ள இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தக் குழிகளில்தான் மை தங்கும். வெளிச்சம் வேண்டிய இடத்தை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி இறக்குவார்கள். எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு கறுப்பு. ஆக, அந்த இருட்டு தானாக வந்ததில்லை. யாரோ நேரம் பார்த்து, படிப்படியாக உண்டாக்கியது.

நம்ம தனிமையும் அப்படித்தான். 2017 ஜூலையில் சவுதி அரசு, வெளிநாட்டுத் தொழிலாளரின் குடும்பத்தில் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் போட்டது. வருஷா வருஷம் ஏற்றி 2020 ஜூலையில் 400 ஆக்கியது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால். நான் 300 ஆனபோதே குடும்பத்துக்கு எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பிவிட்டு இந்தக் கட்டிலுக்கு வந்தேன். பக்கத்துக் கட்டில் தம்பிக்கு அந்தக் கணக்கே இல்லை. அவருடைய இக்காமாவில் இருக்கும் வேலைக்குக் குடும்ப விசா கிடையாது.

எங்களுக்காவது பேச ரூமில் ஆள் உண்டு. வீட்டு வேலைக்கு வந்த நம் ஊர், இலங்கைப் பெண்களுக்கு? 2021 மார்ச்சில் வந்த தொழிலாளர் சீர்திருத்தம், முதலாளி சம்மதம் இல்லாமல் வேலை மாற வழி திறந்தது. ஆனால் வீட்டுப் பணியாளர்களை அதில் சேர்க்கவில்லை. ஒரு சமையலறை, ஒரு போன், அதுவும் முதலாளி கொடுத்தால்தான். அந்த உருவத்தை நானும் தம்பியும் எங்களைப் போல ஆம்பளையாகவே நினைத்துக்கொண்டது எங்கள் தப்பு.

இங்கே தொழிற்சங்கத்துக்கு அனுமதி இல்லை. சேர்ந்து நிற்க விடாத இடத்தில் ஆளாளுக்குத் தனித்தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு "மனித இருப்பு" என்று பெயர் வைத்தால் கட்டணம் போட்டவரும் சட்டம் எழுதியவரும் கணக்கிலேயே வராமல் போய்விடுவார்கள்.

எழுதவும் பேசவும் முடிகிற நாடுகளில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் தனிமைக்காக வருத்தப்பட வேண்டாம். அந்த 400 ரியாலைப் பற்றியும், வீட்டுப் பணியாளர்களை வெளியே நிறுத்திய சட்டத்தைப் பற்றியும் எழுதுங்கள்.