வேகம் பெரிதா, மெய் பெரிதா?



மனிதன் பிழை செய்வான், பொறி பிழை செய்யாது என்று படித்தவர்களே பேசுகிறார்கள். ஆய்வு மாணவர்களாகிய நாம் இதை அப்படியே ஏற்கலாமா? கூடாது என்பது என் கருத்து.

கணிப்பொறியின் ராம் கல்லில் பொறித்த எழுத்தன்று. கோடிக்கணக்கான நுண்ணிய மின்தேக்கிகளில் தேங்கும் மின்னூட்டமே அங்கு ஒன்றாகவும் சுழியாகவும் நிற்கிறது. அது ஓயாமல் கசியும். ஆகவே டிடிஆர்4 வகையில் பொதுவாக 64 மில்லி நொடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும். ஓட்டைக் குடத்தில் நீர் காப்பது போன்ற வேலை இது!

இதற்கான வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஜெடெக் என்னும் தரக்குழு வகுத்துள்ளது. டிடிஆர்4க்கு 1.2 வோல்ட், டிடிஆர்5க்கு 1.1 வோல்ட். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. தகட்டின் வெட்டே இடம் மாறியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் இந்தப் பொருத்தமின்மையால் தீங்கில்லை. தெரியாததே தீங்கு. வெவ்வேறு தயாரிப்புத் தகடுகளை ஒரே பொறியில் கலக்கிறோம். பயாஸில் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கித் தரத்தைக் கடந்த வேகத்தில் ஓட்டுகிறோம். டிடிஆர்4 தகடு அப்போது பெரும்பாலும் 1.35 வோல்ட் கேட்கும். தகடு தாங்கினாலும், செயலியிலுள்ள நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியும் தாங்க வேண்டுமன்றோ?

தாங்காமல் பொறி நின்றுவிட்டால் நல்லது, நாம் விழித்துக்கொள்வோம். நிற்காமல் ஓர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு ஓடினால்? நண்பர் ஒருவருடைய பொறியில் அதே நிரலும் அதே உள்ளீடும் இருமுறை இரு விடை தந்ததை நான் கண்டிருக்கிறேன். கலந்திருந்த தகடுகளில் ஒன்றைக் கழற்றிய பின்னரே விடை ஒன்றாயிற்று. ஒருமுறை மட்டும் ஓட்டியிருந்தால் எது மெய் என்று யார் அறிவார்?

2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக் நகரில், மின்னணுத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் மிகையாக விழுந்தன. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் புரண்டதே காரணமாகலாம் என்று வல்லுநர்கள் கருதினர். வாக்கு இருக்க முடியாத அளவுக்குப் பெருகியதால் பிழை பிடிபட்டது. சிறிய எண்ணாக இருந்திருந்தால் மெய்யென்றே நின்றிருக்கும்! கூகுளின் கணிப்பொறிகளைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வோ, ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட தகடுகளில் பிழை கண்டதாகக் கூறுகிறது.

மருந்து இல்லாமல் இல்லை. புரண்ட பிட்டைக் கண்டு திருத்தும் முறையை ஹாமிங் 1950லேயே வெளியிட்டார். அவ்வழியில் வந்ததே ஈசிசி ராம்.

நாம் படிக்கும் திருவனந்தபுரத்தையே பாருங்கள். இங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், சண்டிகர் குறைகடத்தி ஆய்வகத்துடன் சேர்ந்து விக்ரம் 3201 செயலியை உருவாக்கியது. 2025 செப்டம்பரில் அது பிரதமரிடம் அளிக்கப்பட்டது. கைப்பேசிச் சில்லுகள் ஒற்றை இலக்க நானோமீட்டரைப் பேசும் இந்நாளில், அது 180 நானோமீட்டர்ச் சில்லு. வேகப் போட்டியில் அதற்கு இடமில்லை. ஆனால் சுழிக்குக் கீழ் 55 முதல் 125 டிகிரி வரை பிறழாமல் இயங்க வேண்டும். ராக்கெட்டுக்கு வேண்டியது அதுவே.

நமக்கு வேண்டியதும் அதுவே. ஈசிசி ராமுக்கு விலை கூடுதல் என்பார்கள், உண்மைதான். விடுதி அறையில் படம் பார்க்கும் பொறிக்கு அது வேண்டாம். ஆனால் ஆய்வேட்டுக்குக் கணக்கிடும் துறைப் பொறிகளுக்கு அதை வாங்கித் தர வேண்டும். அதுவரை, காசில்லாமல் செய்யக்கூடியவை மூன்று: கணக்கிடும் பொறியில் எக்ஸ்எம்பியை அணைத்து வையுங்கள்; நீண்ட கணக்கிற்கு முன் ஓரிரவு மெம்டெஸ்ட் ஓட்டுங்கள்; முக்கியமான விடையை வேறொரு பொறியில் ஒருமுறை சரிபாருங்கள்.

மூன்று நாளில் முடியும் கணக்கு நான்கு நாளில் முடியட்டும், குடி முழுகிவிடாது. நாம் அச்சிடும் எண்ணை நாளை ஒருவர் நம்பி, அதன்மேல் தம் ஆய்வை எழுப்புவார். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பு பொறியன்று, நாம்தான்.