சாவி யார் கையில்?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது கோவில்பட்டியிலிருந்து பெரியப்பா மகன் போன் செய்தார். "தம்பி, நம்ம சைட்டைத் திறந்தா வேற என்னமோ விளம்பரம் வருதுடே. ஆர்டர் ஒண்ணுமே விழலை."

அண்ணனுக்குக் கடலை மிட்டாய் வியாபாரம். 2020-இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, வெளியூர்க்காரர்களும் வாங்கட்டும் என்று இணையதளம் போட்டார்.

காரணத்தைத் தேடினால், தளத்தின் பெயரான டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டவில்லை. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் எல்லாம் தளத்தைச் செய்துகொடுத்த பையனின் பழைய முகவரிக்குப் போயிருந்தன. அவர் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடையின் கரண்ட் இணைப்பு அண்ணன் பெயரில், உணவு உரிமம் அண்ணன் பெயரில். டொமைன் யார் பெயரில் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவே இல்லை.

இது பெரிய இடத்திலும் நடந்ததுதான். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயிலுக்குள் நுழையும் வழியாக இருந்த தன் 'பாஸ்போர்ட் டாட் காம்' பெயரை மைக்ரோசாஃப்ட் புதுப்பிக்கத் தவறியதில், ஹாட்மெயில் வைத்திருந்த பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. வெளியாள் ஒருவர் 35 டாலர் கட்டிய பிறகுதான் சரியானது.

டாட் காம் பெயர் காலாவதியான அன்றே கைவிட்டுப் போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரம் அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம். அப்போது கூடுதலாகப் பெரிய தொகை கேட்பார்கள். அதன் பிறகு 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் முதல் கட்டத்திலேயே விழித்துக்கொண்டோம். அந்தப் பையன் அன்றிரவே உதவினார். பணம் கட்டி, கணக்கை அண்ணன் பெயருக்கும் அண்ணன் மின்னஞ்சலுக்கும் மாற்றினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தளம் முழுவதையும் பார்த்தோம். விலைப்பட்டியல் இரண்டு வருடப் பழையது. அதற்குள் வெல்லமும் கடலையும் எவ்வளவோ ஏறிவிட்டன. தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸின் துணை நிரல்களான பிளகின்கள் வரிசையாக அப்டேட்டுக்குக் காத்திருந்தன. தளங்களுக்குள் திருடர்கள் நுழைவது பெரும்பாலும் இப்படிப் பழசாகிப்போன பிளகின் வழியாகத்தான். முதலில் ஒரு பேக்கப் எடுத்து, தளம் இருக்கும் சர்வரில் வைக்காமல் வேறிடத்தில் வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் புதுப்பித்தோம். எஸ்எஸ்எல் சான்றிதழையும் பார்த்தோம். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளுக்குத்தான். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு ஓடுகிறதா என்று ஒருவர் கவனிக்க வேண்டும். ஓடாவிட்டால், தளத்துக்கு வருபவருக்கு முதலில் தெரிவது பாதுகாப்பு எச்சரிக்கைதான்.

இவற்றையெல்லாம் அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் முகம் வாடியது ஒரே இடத்தில்தான். விசாரணைப் படிவத்தில் வந்தவை ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்தன. அதில் ஒன்று, கல்யாணத் தாம்பூலப் பைக்கு 200 பாக்கெட் கேட்டு மூன்று மாதத்துக்கு முன் வந்தது. கடை வாசலுக்கு வந்தவரை அண்ணன் ஒருநாளும் பதில் சொல்லாமல் அனுப்பியதில்லை. அந்த வீட்டுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். கல்யாணம் முடிந்திருந்தது.

இணையதளம் போட்டுத்தருகிறவரிடம் நாம் பேரம் பேசுவதெல்லாம் போடும் செலவுக்குத்தான். போட்ட பிறகு யார் பார்ப்பது, பாஸ்வேர்டு யாரிடம், எந்தத் தேதியில் எதற்குப் பணம் கட்டுவது என்பதையும் அன்றைக்கே பேசி எழுதி வாங்கிவிட வேண்டும். சிறு வியாபாரிகள் எல்லோரையும் நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்.

இப்போது அண்ணன் கல்லாவில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. டொமைன், ஹோஸ்டிங் தேதிகள் அதில் இருக்கின்றன. மாதம் பிறந்ததும் தன் தளத்துக்குள் தானே ஒரு வாடிக்கையாளராகப் போய், ஒரு பாக்கெட் கேட்டுப் படிவம் அனுப்பி, அது வந்து சேர்கிறதா என்று பார்க்கிறார். போன மாதம் வரவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிட்டோம்.