கிட்டாருக்குத் தெரு இல்லை

காரைக்கால்மேட்டில் பள்ளிக்கூடம் போன காலத்தில் என் கூட்டாளி ஒருவனுக்கு வயலின் மீது ஆசை. பக்கத்து ஊர் பாட்டு வாத்தியாரிடம் இருவரும் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தத் தெரு?" பதிலைக் கேட்டதும், "வயலினுக்கு உன் விரல் முத்திப்போச்சுப்பா" என்று அனுப்பிவிட்டார். அவனுக்கு அப்போது 12 வயது. அடுத்த வருடம் கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கும் ஓர் அண்ணனிடம் கிட்டார் கற்கப் போனான். அவர் தெருவைக் கேட்கவில்லை. "இடது கை நகத்தை வெட்டிட்டு வா தம்பி" என்றார்.

இளையராஜாவைப் பற்றி எழுதப்படுவதைப் படிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு வாத்தியார்களும் என் நினைவுக்கு வருகிறார்கள். அவரை ஞானி என்கிறார்கள், சித்தர் என்கிறார்கள், சரஸ்வதி கடாட்சம் என்கிறார்கள். அவர் ஒரு கிட்டார் தொழிலாளியாக இருந்தார் என்பதை மட்டும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

பண்ணைப்புரத்தில் 1943இல் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்த ராசையா, 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளுக்குப் போனவர். அம்மா சின்னத்தாயம்மாள் ரேடியோவை விற்றுக் கொடுத்த 400 ரூபாயோடு 1960களின் கடைசியில் சகோதரர்களுடன் சென்னைக்கு வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் கிட்டாரும் மேற்கத்திய இசைக் குறிப்பும் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வில் தேறினார். சலீல் சௌத்ரியின் குழுவில் கிட்டார் வாசித்தார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 'அன்னக்கிளி' வந்தது 1976இல். அதற்கு முந்தைய ஆண்டுகள் முழுக்க அடுத்தவர் பாட்டுக்கு வாசித்து, கூலி வாங்கி, வேலை கற்ற காலம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கதவு எங்கே திறந்தது என்பதை. சபாவும் குருகுலமும் இசையைக் குருவின் வீட்டுக்குள் வைத்திருந்தன. வீட்டுக்குள் யார் நுழையலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. மேற்கத்திய இசைக் குறிப்பு அதைக் காகிதத்தில் வைத்தது. காகிதம் படிக்கத் தெரிந்தவருக்குச் சொந்தம். லண்டனில் இருந்த தேர்வாளருக்குப் பண்ணைப்புரத்தின் தெருக்கள் தெரியாது. ஐரோப்பிய இசையுலகிலும் வர்க்கமும் நிறவெறியும் உண்டு. ஆனால் நம் ஊர்ச் சாதியின் சாவி அந்தப் பூட்டுக்குப் பொருந்தவில்லை. ஒரு வாத்தியத்துக்கு மட்டுமல்ல, மொத்த ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் தன் கையால் குறிப்பு எழுதித் தரும் அவருடைய பழக்கம் அங்கிருந்து வந்தது.

"அவர் நம் பக்கம் நிற்கவில்லையே" என்று தோழர்கள் கேட்பார்கள். 2022இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டு அவர் எழுதிய முன்னுரையை நாம் விமர்சித்தோம். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. சாதி அடையாளத்தோடு தன்னைப் பேசுவதை அவர் விரும்புவதுமில்லை. ஆனால் 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் அர்த்த மண்டபப் படியில் அவர் வெளியே நின்ற காட்சியை எல்லோரும் பார்த்தோம். மரபு என்றது நிர்வாகம். தவறான செய்தி, சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் நானல்ல என்றார் அவர். அவர் சொன்னதை ஏற்றுக்கொள்வோம். மரபு என்ற அந்தச் சொல்லை ஏற்க வேண்டியதில்லை. மூன்று மாதத்தில், 2025 மார்ச் 8இல், லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனியை வாசித்தது.

அவரை அவதாரமாக்குவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. அவதாரம் ஒருமுறைதான் நிகழும். அப்படியானால் இன்னொரு சேரிப் பிள்ளைக்கு யாரும் கிட்டார் வாங்கித் தர வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் அயோத்திதாசர் வழியில் பெயர் சூட்டிக்கொண்ட 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அந்தத் தந்திரத்தை உடைத்தது. பறை, கானா, கிட்டார் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. அங்கே யாரும் அவதாரம் இல்லை.

கோயில் விழாவுக்கும் இசை விழாவுக்கும் அரசுப் பணம் போகிறது. அதில் ஒரு பங்கைக் குப்பத்திலும் சேரியிலும் உள்ள அரசுப் பள்ளிகளுக்குக் கொடுங்கள் என்று நாம் கேட்க வேண்டும். பள்ளிக்குப் பத்து கிட்டார், குறிப்பு படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியர். எந்தத் தெரு என்று கேட்காத ஆசிரியர்.