வாட வைத்துப் போட்டால் தின்னாதா என்ன?

கோபிசெட்டிபாளையம் என்றதும் கொடிவேரியும் தடப்பள்ளி வாய்க்காலும் பச்சை வயலும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். (சினிமாக்காரர்கள் புண்ணியம்!) வாய்க்கால் எட்டாத நம்பியூர்ப் பக்கத்து மேட்டுக்காடுகளை யாரும் படம் பிடிப்பதில்லை. அங்கே சோளமும் செம்மறியும்தான் பிழைப்பு. பங்குனி, சித்திரையில் புல் தீர்ந்துபோனால் தீவனம் விலைக்கு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டை வந்த விலைக்குத் தள்ள வேண்டும்.

இத்தனைக்கும் வேலியோரத்தில் கிளைரிசிடியாவும் சவுண்டலும் தழைத்து நிற்கின்றன. ஈரம் நீக்கிக் கணக்குப் போட்டால் இந்தத் தழைகளில் புரதம் 20 சதவீதத்தைத் தொடும். சோளத்தட்டில் அதில் பாதிகூடக் கிடையாது. ஆனால் கேட்டால், "ஆடு மோந்து பாத்துட்டுப் போயிருதுங்க" என்று ஒரே பதில்.

ஆட்டின் மேல் தப்பில்லை. கிளைரிசிடியாவின் பச்சைத் தழைக்கு ஒரு நெடி உண்டு. பழகாத செம்மறி வாய் வைக்காமலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதே தழையைச் சாயங்காலம் வெட்டி, ராத்திரி நிழலில் பரப்பி, காலையில் வாடலாகப் போட்டால் தின்னத் தொடங்கும். வெள்வேல் நெற்றை நினைத்துப் பாருங்கள்... காய்ந்து உதிர்ந்ததைத்தானே ஆடுகள் தேடித் தேடிப் பொறுக்குகின்றன!

"இதுக்கெல்லாம் ஆள் எங்கே?" என்பது நியாயமான கேள்வி. வாட வைக்கத் தனி ஆள் வேண்டாம், வெட்டும் நேரத்தை மாற்றினால் போதும். கோடைக்குச் சேர்த்து வைப்பதுதான் வேலை. ஒரு கிலோ பச்சைத் தழையில் முக்கால் கிலோ தண்ணீர், காய்ந்தால் மிஞ்சுவது கால் கிலோ. கிளைரிசிடியா பூக்கிற தை, மாசியில் இலையைக் கொட்டிவிடும் என்பதால் மார்கழியிலேயே வெட்ட வேண்டும். காயும்போது இலை தானாக உதிரும், கீழே தார்ப்பாய் விரித்தால் சேதமில்லை. குச்சி அடுப்புக்கு ஆகும்.

ஒன்றில் மட்டும் அசட்டை கூடாது. ஈரத்தோடு குவித்துப் பூஞ்சை பிடித்த தழையைப் போடவே கூடாது. கூமரின் உள்ள தழையில் பூஞ்சை ஏறினால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சு உண்டாகும்.

சவுண்டலின் கதை வேறு. அதிலுள்ள மைமோசின் வெயிலில் காய்ந்தாலும் முழுதாகப் போகாது. அளவு மீறினால் முடி கொட்டும், கழுத்துச் சுரப்பி வீங்கும். அதனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்வதே நல்லது.

தீவன மரம் நடச் சொல்லி நாற்று கொடுப்பவர்கள், அதை எப்போது வெட்டி எப்படிப் போடுவது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பலாம். நட்டவர் அதை வெறும் வேலி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.